மைக்கை மூடி வைத்த பிள்ளைகள்

ஞாயிறு பாடசாலைக்கு இனி சூம் வேண்டாம், பிள்ளைகள் திரையைப் பார்த்தது போதும் என்று பெற்றோர் சிலர் சொல்கிறார்கள். திரையைப் பற்றி அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அதன் ஓரத்தில் இருக்கும் சாட் பெட்டியையும் சேர்த்துத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை. தம்பி தங்கைமாரே, இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம், ஓர் உதவி கேட்கப்போகிறேன்.

2020 மார்ச் 12ஆம் திகதி, பாடசாலைகளை மூடப்போவதாக ஒன்ராறியோ அரசு அறிவித்தது. மார்ச் விடுமுறையோடு இன்னும் இரண்டு வாரம் என்றார்கள். அந்தக் கல்வியாண்டு முடியும்வரை கதவு திறக்கவேயில்லை. ஆலயமும் மூடியிருந்தது. வைத்தியசாலையில் இரவு வேலை முடித்து வந்து, ஞாயிறு காலையில் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு சூமில் பாடம் எடுத்தேன். கேள்வி கேட்டால் ஒரு சத்தமும் வராது. கறுப்புச் சதுரங்களில் பெயர்கள் மட்டும். "சரி, எழுதுங்கோ" என்றதும் பெட்டி நிறைந்துவிடும். ஆங்கில எழுத்தில் தமிழ், அரைகுறை ஆங்கிலம், நடுவில் ஒரு சிரிப்பு முகம்.

அதிலும் ஒரு சிக்கல். கெட்டிக்காரப் பிள்ளை முதலில் எழுதிவிட்டால் மற்றவர்கள் அதையே எழுதுவார்கள். அதற்கு ஆசிரியர்கள் பலர் கையாளும் ஒரு வழி உண்டு. எல்லோரும் பதிலை ரைப் பண்ணி வைத்திருக்கவேண்டும். மூன்று எண்ணி முடிந்த பிறகுதான் அனுப்பவேண்டும். அப்போது பதில்கள் அருவி மாதிரிக் கொட்டும். ஒன்று மற்றதைப் போல இராது. (கணினி சாட்டின் ஆரம்பகால வடிவங்களில் ஒன்று பிறந்தது ஒரு கல்விக் கணினியில்தான். 1973இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், பாடம் கற்பிக்க அமைத்த பிளேட்டோ தொகுதியில், டாக்கோமேட்டிக் என்ற சாட்டை எழுதினார்கள். ஓர் உரையாடலில் ஐந்து பேர் வரை. ஒவ்வோர் எழுத்தும் விழ விழ மற்றவர்களுக்குத் தெரியும். அந்த முறையில் எங்கள் அருவி நடந்திராது!)

எழுதுவது பேசுவதைவிடக் குறைந்தது என்று நான் நினைப்பதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வாய் வழியாகச் சுவாசக் குழாய் போட்டவர் கதைக்க முடியாது. குழாய் குரல்நாண்களுக்கு நடுவால் போகிறது. நினைவோடு இருப்பவரிடம் ஒரு பலகையும் பேனையும் கொடுப்போம். கோணல் எழுத்தில் "மகள் எங்கே" என்று எழுதுவார். லூக்கா முதலாம் அதிகாரத்தில் சகரியாவும் பலகை கேட்டு வாங்கித்தானே பிள்ளையின் பெயரை எழுதினார்?

எங்கள் பிள்ளைகளின் வாயை அடைப்பது குழாய் அல்ல, தமிழ். உச்சரிப்பு பிழைத்தால் பெரியவர்கள் சிரிப்பார்கள். அன்பாகத்தான் சிரிக்கிறோம், ஆனாலும் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. அப்படி ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். நேரில் இரண்டு வருடம் தலையை மட்டும் ஆட்டியவன், சாட்டில் ஒரு பாடத்துக்குள் ஆறு கேள்வி கேட்டான்.

இன்னொரு பிள்ளை அந்த ஏப்ரலில், பாடம் முடியும் நேரம், எனக்கு மட்டும் எழுதினாள்: "அன்ரி, ஆக்கள் சாகேக்க பக்கத்தில ஆராவது இருப்பினமா?" அவளுடைய அம்மப்பா ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். குடும்பத்தார் உள்ளே போக அனுமதியில்லை. "ஓம். நான் இருந்திருக்கிறேன். கையைப் பிடிச்சுக்கொண்டு" என்று எழுதினேன். சற்று நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, "கையுறை போட்டா?" "ஓம், போட்டுத்தான். ஆனால் சூடு தெரியும்." அன்று பின்னேரம் அவளின் அம்மாவோடும் அவளோடும் தொலைபேசியில் நீண்ட நேரம் கதைத்தேன். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால், மைக்கைத் திறந்து அவள் அதைக் கேட்டிருப்பாளா?

இப்படிப்பட்ட பெட்டிக்குக் காவல் வேண்டும். பிள்ளைகள் தங்களுக்குள் தனியாக எழுத முடியாதபடி சூமில் அமைத்தோம். என்னோடு எப்போதும் இன்னொரு பெரியவர் இருந்தார். தனியாக வருவதை அவரும் வாசிப்பார் என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லியிருந்தோம். விளையாட்டுக் கதையும் வந்தது. அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவேன். ஆலயத்தின் பின்வாங்கில் நாங்கள் குசுகுசுக்காததா?

2024 செப்டெம்பரிலிருந்து ஒன்ராறியோ பாடசாலைகளில் போன் கட்டுப்பாடு இறுகிவிட்டது. எங்கள் மண்டபத்திலும் போன் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். அங்கே கடுதாசித் துண்டு போதும்: எல்லோரும் எழுதி, மடித்து, மூன்று எண்ணியதும் கூடைக்குள் போடுவார்கள். ஆனால் பனி கொட்டி வீதிகள் மூடும் ஞாயிறுகளில் வகுப்பு சூமில்தான். அந்த நாட்களில் சாட் திறந்திருக்கவேண்டும்; அதற்கு ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டாவது ஆள் தேவை. பதினெட்டு வயது கடந்தவராக, பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான பொலிஸ் சான்று எடுக்கச் சம்மதிப்பவராக இருந்தால் போதும். ஆங்கில எழுத்தில் வரும் தமிழை வாசிக்க என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். முதல் பனிக்கு முன் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து பெயரைத் தாருங்கள்.