தீவுக்கு வந்த கோடிகள்

அந்தமானில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் போதும், நம்ம ஊரில் இரண்டு கேள்வி உடனே வரும். ஒன்று செல்லுலார் ஜெயில், இன்னொன்று ஜாரவாக்கள். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஆதிகேசவப் பெருமாள் கோவில் படி இறங்கி வரும்போது ஒருவர் கேட்டார்: "சாரே, அங்க ஏதோ பெரிய துறைமுகம் கெட்டப் போறாவளாமே, எத்தனை கோடி?"

கோடியைச் சொல்லிவிட்டேன். அவரும் "அம்மாடி" என்றுவிட்டுப் போய்விட்டார். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது, சொல்ல வேண்டியது அது இல்லையே என்று தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன்.

1984 முதல் 2017 வரை போர்ட் பிளேரில் இருந்தேன். துறைமுக வேலைகளைப் பார்க்கும் மத்திய அரசு இலாகா ஒன்றில், கணக்குப் பிரிவு. நான் எஞ்சினியர் இல்லை. ஜெட்டி கட்டுகிறவர்களுக்கு பில் பாஸ் பண்ணுகிறவன். அந்த ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எனக்கு இன்னும் நாக்கில் ஏறவில்லை, பழைய பெயரையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போனது ஹர்ஷவர்தனா கப்பலில். சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். குலசேகரம் சந்தைக்குப் பஸ்ஸில் போனாலே தலை சுற்றுகிற ஆள் நான். மூன்று நாள் எப்படிப் போனேன் என்பது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதலாம். ஹட்டோ துறையில் இறங்கி நின்றபோதும் தரை ஆடிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நாளிலேயே ஒன்று புரிந்தது. அங்கே எல்லாமே கப்பல்தான். அரிசி, வெங்காயம், சிமெண்ட், கம்பி, கடிதம், கல்யாணப் புடவை வரை. ஒரு கப்பல் நாலு நாள் தாமதமானால் அபர்தீன் பஜாரில் உருளைக்கிழங்கு விலை ஏறிவிடும். நமக்கு இங்கே தொடுவெட்டி சந்தையில் ஒரு லாரி வரவில்லையென்றால் இன்னொரு லாரி வரும். அங்கே இன்னொன்று என்பது கிடையாது.

போர்ட் பிளேர் ஆட்களே மெயின்லேண்டைப் பார்த்து ஏங்குவார்கள். ஆனால் தெற்கே நிக்கோபார் தீவுகளில் இருப்பவர்களுக்கு போர்ட் பிளேர்தான் மெயின்லேண்ட். கேம்பல் பே போகக் கப்பலில் இரண்டு நாள் ஆகும், நடுவில் ஒவ்வொரு தீவாக நின்று நின்று போகும். 1969-லிருந்து அங்கே முன்னாள் ராணுவத்தினரைக் குடியேற்றினார்கள். பஞ்சாபிகள், மராத்தியர்கள், மலையாளிகள், நம்ம ஆட்கள், எல்லாரும் உண்டு. ஒரே தெருவில் குருத்வாராவுக்குப் போகிறவரும் முருகன் கோவிலுக்குப் போகிறவரும் ஒரே கப்பலுக்காகக் காத்திருப்பார்கள்.

பணம் எப்படி வரும் என்பதைச் சொல்ல வேண்டும். அது யூனியன் பிரதேசம். சட்டசபை கிடையாது. அத்தனை தீவுக்கும் சேர்த்து ஒரே ஒரு எம்.பி. நம்ம மாவட்டத்திலே ஆறு எம்.எல்.ஏ. இருக்கிறார்கள், திட்டுவதற்காவது ஆள் உண்டு. அங்கே எல்லா முடிவும் டெல்லியில்தான். அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை, என் சம்பளமும் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் டெல்லியின் காலண்டரும் தீவின் காலண்டரும் வேறு. அரசாங்க வருஷம் ஏப்ரலில் தொடங்கும். மே மாதம் மழை பிடித்துக்கொள்ளும். அக்டோபர், நவம்பர் வரை கடலில் தூண் இறக்க முடியாது. அனுமதி, டெண்டர் என்று கடுதாசி சுற்றி முடிய டிசம்பர் ஆகிவிடும். பிறகு சிமெண்டும் கம்பியும் கப்பலில் வர வேண்டும். 2002-ல் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தபிறகு கடற்கரை மணலும் இஷ்டத்துக்கு அள்ள முடியாது. அது நல்ல உத்தரவுதான், ஆனால் மணலையும் கப்பலில் எதிர்பார்க்கிற நிலை வந்தது. சாமான் வந்து இறங்கும்போது மார்ச் மாதம் 31 கண்ணெதிரே நிற்கும். செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும். "தீவுக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு" என்று பேப்பரில் வருவதற்கும், ஒரு ஜெட்டியில் ஒரு பலகை கூடுவதற்கும் நடுவில் இவ்வளவு கடல் இருக்கிறது.

1996 என்று நினைவு. என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன், திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம். அவனுடைய அக்கா தெற்கே ஒரு சின்னத் தீவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். குடும்பம் இன்னும் அங்கேயே இருப்பதால் தீவின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தது குட்டை ஜெட்டி. கடல் அமைதியாக இருந்தால் கப்பல் ஒட்டும், அலை எழும்பினால் வெளியே நின்று படகில் ஆளை இறக்கும். அந்த ஜெட்டியை நீட்டி, ஒரு அலைத்தடுப்புச் சுவரும் போட வேண்டும் என்ற கோப்பு என் மேஜைக்கு மூன்று வருஷமாக வந்து போய்க்கொண்டிருந்தது. தொகை கோடிக்கே வரவில்லை, லட்சத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் சிமெண்ட் விலை ஏறியதால் மதிப்பீட்டைத் திருத்தி அனுப்பு என்று திரும்பும்.

ஜூலை மாதம், அக்காவுக்குப் பிரசவ வலி. உள்ளூரில் இருந்த டாக்டர் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். மழையில் ஹெலிகாப்டர் கிளம்ப முடியவில்லை. கப்பல் வந்தது. வந்து, ஜெட்டிக்கு வெளியே ராத்திரி முழுக்க விளக்கு எரிய நின்றது. ஒட்ட முடியவில்லை. வலியில் துடிக்கிறவளைப் படகில் ஏற்றிக் கயிற்று ஏணியில் ஏற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை. விடியும்போது குழந்தை பிறந்தது, அவள் இல்லை. "கப்பல் வெளிச்சத்தப் பாத்துக்கிட்டே இருந்தாளாம் அண்ணே" என்று தம்பி சொன்னான். பிறகு இருவரும் அன்றைக்கு முழுவதும் பேசவில்லை.

அடுத்த வருஷம் அந்தக் கோப்பு பாஸ் ஆனது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஜெட்டி நீண்டது. முதல் பில்லில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

2004 டிசம்பர் 26-ஐப் பற்றி நம்ம மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்டது எல்லாருக்கும் தெரியும். நிக்கோபாரில் நிலமே அமிழ்ந்தது. இந்திரா முனையில் கரையில் நின்ற கலங்கரை விளக்கம் கடலுக்குள் நின்றது. தரை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டது என்றார்கள். கேம்பல் பேயிலும் கார் நிக்கோபாரிலும் ஜெட்டிகள் உடைந்தன. அதாவது, உதவி தேவைப்பட்ட அன்றைக்குத்தான் உதவி வந்து இறங்க வேண்டிய வாசல் இல்லாமல் போனது. கடற்படையும் விமானப்படையும் இல்லையென்றால் கதையே வேறு.

2005-ல் கணக்குச் சரிபார்க்க என்னைக் கச்சால் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே ரப்பர் தோட்டம் உண்டு. சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களில் கொஞ்சம் பேரை அந்தத் தோட்டத்தில்தான் குடியமர்த்தியிருந்தார்கள், நம்ம கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்த மாதிரி. ரப்பர் மரத்தைக் கண்டதும் எனக்குத் திருவட்டாறு வந்துவிட்டது. பால் வெட்டுகிற அதே சாய்கோடு, அதே சிரட்டை. ஒரு வயதான அம்மா, தகரக் கொட்டகை வாசலில் இருந்தார். நான் ரப்பர் ஊர்க்காரன் என்றதும் முகம் மலர்ந்தது. "அங்க வெட்டுக்கூலி எவ்வளவு ஐயா?" என்றுதான் முதலில் கேட்டார். இரண்டு கடல் தாண்டி, ஒரு சுனாமி தாண்டி, கேட்ட கேள்வி அது.

என்ன வேணும் அம்மா என்று கேட்டேன். வீடு, பணம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "கப்பல் நிக்கிற எடம் வேணும் ஐயா. மத்தது அதுல வந்துரும்" என்றார். அரசாங்கப் பணத்தைப் பற்றி முப்பது வருஷத்தில் நான் கேட்ட விவரமான பேச்சு அதுதான்.

சுனாமிக்குப் பிறகு பணம் நிஜமாகவே வந்தது. ஜெட்டிகள் முன்பைவிட உறுதியாகக் கட்டப்பட்டன. இதை மறைக்கக் கூடாது.

விமான நிலையமும் அப்படித்தான். நான் போன காலத்தில் லம்பாலைனில் ஒரு சின்னக் கட்டிடம். ஓடுதளம் ஜப்பான்காரன் யுத்த காலத்தில் போட்டதிலிருந்து வளர்ந்தது, இன்றும் கடற்படையின் கையில். நெடுங்காலம் பகலில் மட்டும்தான் விமானம். எல்.டி.சி.யில் விமானத்திலேயே அந்தமான் வரலாம் என்று சலுகை கொடுத்தபிறகு கூட்டம் தாங்கவில்லை. 2023 ஜூலை 18-ல் புதிய முனையம் திறந்தார்கள், சிப்பி வடிவில். சுமார் 710 கோடி. வருஷத்துக்கு 50 லட்சம் பயணிகள் வரலாமாம். டிவியில் பார்த்தபோது சந்தோஷமாகவே இருந்தது. நம்ம சனங்களும் அதில் போகிறார்கள், சென்னைக்கு ஆபரேஷனுக்கும் படிப்புக்கும். சீசனில் டிக்கெட் விலையைக் கேட்டால்தான் சந்தோஷம் கொஞ்சம் இறங்கும்.

உலகத்தில் இன்னொரு தீவு உண்டு, நெப்போலியனைக் கொண்டுபோய் வைத்த செயின்ட் ஹெலினா. நாலரை ஆயிரம் பேர்கூட இருக்காது. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஐந்து நாள். பிரிட்டிஷ் அரசு 285 மில்லியன் பவுண்டு போட்டு அங்கே விமான நிலையம் கட்டியது. 2016-ல் திறக்க வேண்டியது, ஓடுதளத்தில் காற்று திடீரென்று திசை மாறுகிறது என்று 2017 அக்டோபரில்தான் பயணிகள் விமானம் ஓட ஆரம்பித்தது. அங்குள்ள பத்திரிகைகள் உபயோகமில்லாத விமான நிலையம் என்று கிண்டல் செய்தன. லண்டனில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அந்தத் தீவில் நெஞ்சு வலிக்காரன் வீட்டிலிருந்து பார்த்தால் வேறு கணக்கு.

சரி, கோவில் படியில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கிரேட் நிக்கோபாரில் கலதியா விரிகுடாவில் சரக்குப் பெட்டிகளைக் கப்பல் மாற்றும் துறைமுகம், கூடவே சர்வதேச விமான நிலையம், மின் நிலையம், புது நகரம். மொத்தத் திட்டம் 72,000 கோடி என்று ஆரம்பித்தது, பிறகு 80,000-ஐத் தாண்டியது. துறைமுகம் மட்டும் 41,000 கோடி என்று 2023-ல் கப்பல் துறை சொன்னது, அரசும் தனியாரும் சேர்ந்து போடுவது. இந்த ஒரு துறைமுகத் தொகைக்கு நான் சர்வீஸ் முழுக்கப் பாஸ் பண்ணிய பில் எல்லாம் தூசு. மலாக்கா வழியாகப் போகும் உலகக் கப்பல் பாதைக்கு அது மிக அருகில். இருபது மீட்டர் இயற்கை ஆழம். கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போகிற நம்ம சரக்கை நாமே கையாளலாம் என்கிறார்கள். நாட்டின் பாதுகாப்பும் சேர்ந்தது. இதெல்லாம் வெறும் பேச்சு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் இது தீவுக்காரனுக்குக் கட்டும் துறைமுகம் இல்லை. அங்கே இருப்பது சுமார் 8,000 பேர். திட்டம் முடியும்போது 3.5 லட்சம் பேர் இருப்பார்களாம். வெட்டப்போகும் மரம் 9.64 லட்சம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. கலதியாவில் பெரிய தோணிக்கடலாமை முட்டையிட வரும், அதற்கென்று இருந்த சரணாலய அறிவிப்பை 2021-ல் எடுத்துவிட்டார்கள். காட்டுக்குள் ஷோம்பென் மக்கள், கடலோரம் நிக்கோபாரிகள். சுனாமியில் தெற்குக் கரை கிராமங்களை இழந்து கேம்பல் பே பக்கம் கொண்டுவரப்பட்ட நிக்கோபாரிகள், திரும்ப எங்கள் இடத்துக்கே போகிறோம் என்று இத்தனை வருஷமாகக் கேட்கிறார்கள். முதலில் கொடுத்த சம்மதத்தை அவர்களுடைய பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. சுற்றுச்சூழல் அனுமதியும் அதே நவம்பரில்தான் வந்தது.

இதே மாதிரிச் சரக்கு மாற்றும் துறைமுகம்தானே நமக்கும் வந்தது? 2016 ஜூலையில் இனயத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. கடற்கரை முழுக்க எழுந்தது. பிறகு மணக்குடி, கோவளம் பக்கம் நகர்த்தினார்கள், அங்கேயும் எழுந்தது. திட்டம் நின்றது. அது வந்திருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு, அது வேறு சண்டை. நான் சொல்வது, நமக்குச் சண்டை போட முடிந்தது என்பதை. ரோட்டை மறிக்க ரோடு இருந்தது, கேட்க எம்.எல்.ஏ. இருந்தார், எழுதப் பேப்பர் இருந்தது. விழிஞ்ஞத்தில் கட்டியே முடித்துவிட்டார்கள், அதற்கு நம்ம மலைக் கல்லைக் கொண்டுபோன டாரஸ் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நாம் பட்டதும் தெரிந்ததுதான். அதையாவது கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய்ச் சொன்னோம். ஷோம்பென் எந்த ஆபீஸ் வாசலுக்குப் போவான்?

போன வாரம் கேம்பல் பேயிலிருந்து பழைய பழக்கம் ஒருவர் போன் பண்ணினார். முன்னாள் ராணுவக்காரர் மகன், தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். புதுத் துறைமுகம் வந்தால் நிலத்துக்கு விலை ஏறும் என்று ஒரு பக்கம் ஆசை, நிலமே போய்விடுமோ என்று ஒரு பக்கம் பயம். அரைமணி நேரம் பேசினார். மகளுக்கு போர்ட் பிளேர் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் சேர வேண்டும்.

"கப்பல் டிக்கெட் கிடைச்சுதா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல அங்கிள். நாளைக்குக் காலையில மறுபடி லைன்ல போய் நிக்கணும்" என்றார்.