இல்லாத பாட்டி

அந்தக் கேட்டலாக்கில் வரும் பாட்டியை நான்தான் உண்டாக்கினேன். சித்திரை மாதத்து இரவில், பேரனை மடியில் கிடத்திக்கொண்டு விடிய விடியத் தெருக்கூத்து பார்த்த பாட்டி. தூக்கக் கலக்கத்தில் பேரன் பார்த்த கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகள்தான் இன்று அவன் தூரிகையில் மின்னுகின்றன என்று ஆங்கிலத்தில் ஐந்து வரி. கீழே என் மாணவனின் பெயர். அவனுக்கு அப்படியொரு பாட்டி கிடையாது.

ஒரு பல்கலைக்கழகத்தின் கவின்கலைத் துறையில் ஓவியம் கற்பிக்கிறேன். இறுதியாண்டு மாணவர்களின் படங்களைச் சென்னையில் ஒரு கேலரியில் காட்சிக்கு வைப்பது எங்கள் வழக்கம். எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தடுமாறும் என்பதால் அவர்களுடைய குறிப்புகளை ஆசிரியர்கள் திருத்திக் கொடுப்போம். இதைத் தப்பென்று யாரும் நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை. நான் செய்தது திருத்தம் இல்லை.

அந்த ஆண்டின் தலைப்பு ‘மரபும் நினைவும்’. அதைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். அப்படித் தலைப்பு வைத்தால் என்ன வரும் என்று எனக்கு முன்பே தெரியும். கோபுரம், கோலம், குத்துவிளக்கு, செட்டிநாட்டுத் தூண், ஜல்லிக்கட்டுக் காளை, தாவணி கட்டிய பெண். வரைகிறவர்களில் பாதிப் பேர் வளர்ந்தது ஹவுசிங் போர்டு குடியிருப்பில். ஆனால் கேலரிக்கு வந்து வாங்குகிறவர்களில் இன்டீரியர் டெக்கரேட்டர்கள் அதிகம். சுவரின் அளவையும் சோபாவின் நிறத்தையும் போனில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். தூணும் கோபுரமும் அவர்களுக்கு உடனே புரியும். நாலு படம் விற்றால் துறைக்குப் பெயர், பிள்ளைகளுக்கு முதல் சம்பாத்தியம், எனக்கு நல்ல வாத்தியார் என்ற பேச்சு.

இவன் முதலில் கொண்டுவந்த படம் வேறு. ஆறடிக்கு நாலடி கான்வாஸ். சினிமா பேனரின் பின்பக்கத்தை வரைந்திருந்தான். அவன் அப்பா தென் மாவட்டத்தில் பேனர் எழுதியவர். சவுக்குக் கம்புச் சட்டத்தில் காடாத்துணியை இழுத்துக் கட்டி அவர் முன்பக்கம் முகம் போட்டுக்கொண்டிருக்க, பின்பக்க நிழலில் இவன் விளையாடியிருக்கிறான். துணி ஒட்டுப்போட்ட தையல், ஆணி, குறுக்குக் கம்பு, அவற்றுக்கிடையே எண்ணெய் ஊறி இந்தப் பக்கம் கசிந்த ஒரு முகம். இடம் வலமாக மாறி, ரோஸும் நீலமுமாக, கண் மட்டும் தெளிவாக. வலது மூலையில் ஒரு தூக்குவாளி. அந்த முகம் கதாநாயகனா வில்லனா என்று சொல்ல முடியாது. எனக்கே கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

“படம் ஓடி முடிஞ்சதும் துணியை வெள்ளையடிச்சு அடுத்த படம் எழுதுவாங்க சார். ரொம்பக் கிழிஞ்சதை வீட்டுக்குக் கொண்டாந்துடுவார். எங்க சமையக்கட்டுக்கு மேல ஒழுகாம இருக்க ஒரு நடிகரோட மோவாயைத்தான் போட்டிருந்தோம்” என்றான்.

சிரித்தேன். சிரித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா இதுல மரபு எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு படத்தைக் கவிழ்க்க வேண்டுமென்றால் ஒரே வரி போதும்: பேனர் மாதிரி இருக்கு. அதற்கு அடுத்த வசவு, காலண்டர் மாதிரி இருக்கு. இத்தனைக்கும் எம்.எஃப். உசேன் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர் என்பதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்பவன் நான். புகழடைந்து செத்துப்போனவரின் பேனர் பெருமைக்குரியது, எதிரே நிற்கும் பையனின் அப்பா எழுதிய பேனர் போர்டு வேலை. இந்த இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை.

நாங்கள் சொந்தம் கொண்டாடும் மெட்ராஸ் ஓவியப் பள்ளியே 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய தொழிற்பள்ளிதான். அதன் பட்டறையில் 1890களின் கடைசியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யச் சொல்லிக்கொடுத்தார். கைத்தொழிலை இளக்காரமாகப் பார்க்கும் தகுதி அந்த வழியில் வந்த எங்களுக்கு எப்படி வந்தது என்று புரியவில்லை. பிறகு கே.சி.எஸ். பணிக்கர் காலம். நவீனமாகவும் இருக்க வேண்டும், நம்முடையதாகவும் இருக்க வேண்டும், அதற்கு என்ன வழி என்று அந்தத் தலைமுறை உண்மையாகவே அல்லாடியது. 1963 வாக்கில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டத்தையும் படிக்க முடியாத எழுத்தையும் பணிக்கர் கையாண்டது அந்த அல்லாட்டத்தில் கிடைத்தது. என்னைப் போன்ற பின்வந்தவர்களுக்கு அல்லாட்டம் எதுவும் இல்லை. கட்டமும் எழுத்தும் தயாராகக் கிடைத்தன, எடுத்துக்கொண்டோம். நான் வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். இருபது வருடமாக விற்றுக்கொண்டிருப்பது காரைக்குடி வீட்டுக் கதவுகள். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் என் சொந்தக்காரர் எவரும் குடியிருந்ததில்லை.

அவனிடம் கூத்து வரையச் சொன்னேன். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், அரிதாரம். நிறமும் இருக்கிறது, மரபும் இருக்கிறது, வெளிநாட்டுக்காரருக்கும் பிடிக்கும். போன் எடுத்து நானே போட்டோக்களைக் காட்டினேன். “சரி சார்” என்றான். இரண்டாவது கான்வாஸ் வாங்க அவனிடம் காசில்லை என்பது எனக்குத் தெரியும், அல்லது தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது. பேனரின் பின்பக்கத்துக்கு மேலேயே ஜெஸ்ஸோ பூசி வெள்ளையாக்கி, அதன் மேல் கூத்தாடியை வரைந்தான். அவன் அப்பா படத்துக்குப் படம் செய்தது போலவே.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாணவர்களை அழைத்துப் போகும்போது நான் உருகிப் பேசும் இடம் ஒன்று உண்டு. கருவறையைச் சுற்றிய பாதையில் நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்த கதை. பின்னாளில் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சுரண்டி எறியவில்லை, அதைத் தனியே உரித்தெடுத்துப் பலகையில் ஏற்றிக் காப்பாற்றினார்கள், அதுவும் மரபுதானே என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். அவனும் அந்தக் கூட்டத்தில் நின்று கேட்டவன்தான்.

கண்காட்சித் தொடக்க நாளில் அவன் அப்பா வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. மற்ற பெற்றோர் பிள்ளையைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, இவர் படத்தை நெருங்கி ஒரு தரமும், சுவரோரம் வரை பின்னால் போய் ஒரு தரமும் பார்த்தார். “இடது காது கொஞ்சம் இறங்கியிருக்கு. கட்டம் போடாம வரைஞ்சிருக்கான்” என்றார். அவர் சொன்னது சரி. அதுவரை நான் கவனிக்கவில்லை.

அந்த நேரத்தில் துறை மாணவி ஒருத்தி, வந்திருந்த விருந்தினருக்குக் கேட்டலாக் குறிப்பைத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தாள். பாட்டி, மடி, கூத்து. அவன் அப்பா திரும்பினார்.

“எங்கம்மாவா? அவுக கூத்துப் பாத்ததே இல்லையே சார். எங்க பக்கம் ஏது கூத்து? வள்ளி திருமணம், பவளக்கொடின்னு ஸ்பெஷல் நாடகந்தான். அதையும் அவுக எட்டிப் பாக்க மாட்டாக. எங்கப்பா நாடகத்துக்குப் பின்னால சுத்திக் காசை விட்டவரு.”

மகன் தரையைப் பார்த்தான். நான் அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக அந்த மனிதருக்கு மரபு என்றால் என்ன என்று விளக்கினேன். கூட்டு நினைவு, தனிமனித அனுபவத்தைத் தாண்டிய பண்பாட்டு வேர் என்றெல்லாம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “எனக்குத் தொழில் சொல்லிக்குடுத்தவரு கோவில்பட்டியில கொண்டையராஜு வகையறாகிட்டப் படிச்சவரு சார்” என்று மட்டும் சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை, பேச்சை முடிப்பதற்காகச் சொன்னது போலிருந்தது.

சி. கொண்டையராஜு யார் என்று எனக்குத் தெரியும். மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் படித்தவர். ரமணாசிரமத்தில் இருந்துவிட்டு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போனவர். 1940களில் கோவில்பட்டியில் தங்கி, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு சாமி படம் வரைந்தவர். சிவகாசியில் அச்சாகிய அந்தக் காலண்டர்கள்தான் தமிழ்நாட்டின் பாதி பூஜை அறைகளில் தொங்கின. நாங்கள் வசவாகச் சொல்லும் காலண்டரும், அந்தத் திரைச்சீலை வழியாக வந்த பேனரும், எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே கிளம்பிய ஒரு கிளை. நாங்கள் ஏட்டில் தேடிய குரு சீட வரிசை, கையில் கேட்டலாக்கை வைத்துக்கொண்டு என் எதிரே நின்றது. அதைத்தான் நான் ஜெஸ்ஸோ பூசி மறைக்கச் சொல்லியிருந்தேன்.

அன்று மாலையே படம் விற்றது. வாங்கியவர் ஒரு ரிசார்ட்டுக்காக வாங்கினார். பாட்டி பற்றிய வரிகளைத் தனியாக அச்சடித்துப் படத்துக்குக் கீழே மாட்டலாமா என்று கேட்டார். தாராளமாக மாட்டலாம் என்றேன். பையன் என்னைப் பார்க்கவில்லை. பணம் அவனுக்குத் தேவைப்பட்டது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவன் அப்பா ஷட்டரும் பள்ளிக்கூடச் சுவரும் எழுதித்தான் அவனைப் படிக்க வைத்தார்.

இன்று அவன் நன்றாகச் சம்பாதிக்கிறான். வரைவது கூத்து மட்டும். ஓட்டல்களுக்கு மொத்தமாக ஆர்டர் எடுக்கிறான். வேலை முடிந்ததும் போட்டோ அனுப்புவான். நான் கட்டைவிரல் போடுவேன். காது இப்போதெல்லாம் சரியான இடத்தில் இருக்கிறது. அந்த முதல் படத்தைப் பற்றி நானும் எடுத்ததில்லை, அவனும் எடுத்ததில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்துத் தட்டச்சு செய்து அழித்திருக்கிறேன். கேட்டால் அவன் இப்போது செய்துகொண்டிருப்பதைக் குறை சொல்வதாகிவிடுமே என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொள்கிறேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவன் என்னை இன்னும் நல்ல வாத்தியார் என்று நம்பிக்கொண்டிருக்கக்கூடும், அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை.

இந்த ஆண்டுக் கண்காட்சிக்கும் குறிப்புகள் என் மேசைக்குத்தான் வந்தன. கண்ணில் பட்ட பாட்டிகளைக் கூப்பிட்டு விசாரித்து, நிஜம் இல்லாதவர்களை எடுத்துவிட்டேன். கரகம் எடுத்து ஆடிய ஒரு தாத்தாவை மட்டும் விட்டுவைத்தேன். அந்தக் குறிப்பை எழுதிய பெண்ணின் படத்துக்கு ஏற்கெனவே முன்பணம் வந்துவிட்டது.