தனித் தட்டு

தனிக் குவளை, தனிக் கிணறு, தனிச் சுடுகாடு, தனி வரிசை. 'தனி' என்ற சொல்லுக்கு நம் வாழ்க்கையில் என்ன பொருள் என்று எந்த அகராதியையும் புரட்ட வேண்டியதில்லை. அந்தச் சொல்லை எதிர்த்துத்தான் கூட்டம் போட்டோம், மறியல் செய்தோம், வழக்கு வாங்கினோம். அதே சொல் ஒரு மருத்துவரின் வாய் வழியாக எங்கள் வீட்டு அடுப்படிக்குள் வந்தது. வந்தபோது என்ன நடந்தது, ஒரு கிழங்கு அதை எப்படித் தீர்த்து வைத்தது என்பதை எழுத வேண்டியிருக்கிறது. மாட்டுக்கறியைப் பற்றி நம் இதழ்களில் நிறைய வந்திருக்கிறது. வர வேண்டியதுதான். குச்சிக்கிழங்கைப் பற்றி வந்தது குறைவு.

அக்கா மகனுக்கு ஏழு வயது. பார்த்தால் நாலு வயசுப் பிள்ளை மாதிரி இருப்பான். வயிறு முன்னால் தள்ளி, கைகால் குச்சியாகி, முகம் வெளுத்து. ஓயாத வயிற்றுப்போக்கு. பூச்சி மருந்து கொடுத்தார்கள், இரும்புச் சத்து டானிக் கொடுத்தார்கள், டி.பி.யாக இருக்குமோ என்று படம் எடுத்தார்கள். போன இடத்திலெல்லாம் அக்காவுக்குத்தான் திட்டு. "புள்ளைக்கு ஒழுங்காச் சோறு போடறியா இல்லையா?" எங்கள் தெருவின் பெயரைக் கேட்டுக்கொண்ட பிறகு வருகிற கேள்வி அது. சேரிப் பிள்ளை மெலிந்திருந்தால் காரணம் வறுமை, அல்லது தாயின் அசட்டை. மேற்கொண்டு தேட வேண்டியதில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கடைசியில் ஒரு மருத்துவர் ரத்தப் பரிசோதனையும் குடல் சதைப் பரிசோதனையும் செய்துவிட்டு 'சீலியாக்' என்றார்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்றொரு புரதம் இருக்கிறது. மாவைப் பிசைந்தால் இழுவையாக வருகிறதே, அது இதனால்தான். இந்த நோய் உள்ளவர்களின் உடம்பு குளூட்டனைப் பார்த்ததும் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. குடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சுகிற நுண்ணிய விரல்கள் தேய்ந்து போகின்றன. அதன்பின் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இதற்கு மாத்திரை இல்லை. ஆயுளுக்கும் குளூட்டனைத் தொடக்கூடாது, அதுதான் வைத்தியம். ஒரு துணுக்கு ரொட்டித் தூள் கலந்தாலும் கெடுதல்.

"இவன் பாத்திரம், கரண்டி, சல்லடை, சப்பாத்திக் கட்டை எல்லாத்தையும் தனியா வெச்சிருங்க" என்றார் மருத்துவர். நல்ல மனிதர். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

வீட்டுக்கு வந்து அக்கா புதிதாக ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கி, கலந்துவிடக் கூடாதே என்று அதில் சிவப்பு பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தாள். அம்மா அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் இளவயதில் எங்கள் ஊர் டீக்கடையில் நம் சனங்களுக்கு வைத்திருந்த கண்ணாடி டம்ளர்களின் அடியில் இதே மாதிரி பெயிண்ட் அடித்திருக்குமாம். குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்க்க வேண்டும். ஒரு நாள் அந்த டம்ளரைக் கழுவாமல் வைத்துவிட்டு வந்த அம்மா, பிறகு அந்தக் கடைப் பக்கம் போகவே இல்லை.

"எம் பேரனுக்குப் புள்ளி வெச்ச தட்டு வெக்கறதுக்கா நானு அந்தக் கடையில குடிக்கறத உட்டேன்?"

இது வேறம்மா, இது நோய்க்காக, அவனைக் காப்பாற்றத்தான் என்று அக்கா அழுதுகொண்டே சொன்னாள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். பிரித்து வைக்காவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து. பிரித்து வைத்தாலோ அம்மாவால் தாங்க முடியவில்லை. விடிய விடிய பேசவில்லை. காலையில் அம்மாவே முடிவு சொன்னது. "அவனுக்கு ஆவாதது இந்த ஊட்ல யாருக்கும் வேண்டாம். கோதும மாவு, ரவ, மைதா எல்லாத்தயும் எடுத்து வெளிய போடு. அப்பறம் எதுக்குத் தனித் தட்டு?"

அப்படித்தான் ஆனது. சேமியா போனது, பிஸ்கட் போனது, பரோட்டா போனது. மால்ட் கலந்த சத்துமாவு பானம் போனது, அது பார்லி. கூட்டுப் பெருங்காயத்தில்கூட மைதா இருக்கிறது என்பதை டப்பாவின் பின்பக்கம் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். மாவு மில்லில் நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அந்த மிச்சம் நம் அரிசி மாவில் ஏறிவிடும். அதனால் பழைய உரலும் உலக்கையும் திண்ணையிலிருந்து உள்ளே வந்தன.

மருத்துவமனையில் கொடுத்த தாளில் சாப்பிடலாம் என்ற பக்கத்தில் அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு இவற்றோடு 'டாப்பியோக்கா ஃப்ளோர்' என்று இருந்தது. அக்கா டவுனில் ஒரு பெரிய கடையில் அரைக் கிலோ பாக்கெட் வாங்கி வந்தாள். இரண்டு நாள் கூலி அதற்கே போயிருக்கும். அம்மா ஒரு சிட்டிகை எடுத்து இரு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தியது. நெறநெறவென்று சத்தம் வந்தது. "ஏண்டி, இது நம்ம மில்லு மாவுடி. கெழங்குப் பால் மாவு. இதுக்கா இத்தன காசு?"

ராசிபுரம், ஆத்தூர், சேலம் சுற்றுவட்டாரத்துக் கிழங்கு மில்களில் அம்மா பதினெட்டு வருடம் வேலை பார்த்தது. லாரி லாரியாக வந்து கொட்டும் கிழங்கைக் குந்த வைத்துத் தோல் சீவுகிற வேலை. சீவிய கிழங்கைக் கழுவி அரைத்து, பாலைத் துணியில் வடித்து, தொட்டியில் தெளிய விட்டால் அடியில் மாவு கல் மாதிரி படியும். அதை உதிர்த்துக் குலுக்கி உருட்டினால் குருணை. வறுத்துக் களத்தில் காய வைத்தால் ஜவ்வரிசி. பிழிந்த சக்கை திப்பி, மாட்டுக்குப் போகும். அந்தப் புளித்த நாற்றம் உடம்பை விட்டுப் போகாது. பள்ளிக்கூடத்தில் அக்காவுக்குப் பட்டப்பெயரே 'கெழங்கு'. மதியத்துக்கு வேகவைத்த கிழங்கைக் கொண்டுபோய் மரத்தடியில் மறைத்துத் தின்றவள் அவள். "எம்மவனும் கெழங்கத் தின்னுதான் வளரணுமா?" என்று அவள் கேட்டதில் அந்த மரத்தடி இருந்தது.

நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது புறநானூற்று 109ஆம் பாட்டை நடத்தினார்கள். உழாமலே விளைகிற நான்கில் வள்ளிக்கிழங்கும் ஒன்று என்று கபிலர் பறம்பின் வளம் சொல்லும் பாட்டு. ஆசிரியர் உருகி உருகி நடத்தினார். அந்த வள்ளி வேறு, நம் குச்சிக்கிழங்கு வேறு. இது தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. ஆனாலும் பாட்டில் இருந்தால் வளம், நம் தூக்குச்சட்டியில் இருந்தால் கேவலம் என்பது எந்த இலக்கணத்தில் வருகிறது?

திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் இந்தக் கிழங்கைப் பயிரிட ஊக்கப்படுத்தினார். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்து அரிசி வரத்து நின்றபோது அங்கே ஏழைச் சனங்களின் உயிரைப் பிடித்து வைத்தது இதுதான். வெளிநாட்டு ஜவ்வரிசி நின்றுபோன அதே போர்க்காலத்தில்தான் சேலத்தில் இந்தத் தொழிலும் தொடங்கியது. இன்னொரு கணக்கும் உண்டு. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் பஞ்சம், ரொட்டி கிடையாது. அந்தப் பஞ்சத்தில் சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் படுத்துவிட்டார்கள். டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கோதுமைதான் காரணம் என்று முன்பே சந்தேகப்பட்டிருந்தார். அதை இந்தப் பஞ்சம் உறுதிப்படுத்தியது. பசியிலிருந்து வந்த அறிவு இரண்டும்.

இதைவிட வேடிக்கை ஒன்று. சேலத்து ஜவ்வரிசியில் பெரும்பகுதி மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் என்று வடக்கே போகிறது. அங்கே ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி விரத நாட்களில் தானியம் ஆகாது, 'சாபுதானா' கிச்சடி ஆகும். சுத்தமான உணவாம். தோல் சீவிய கை யாருடைய கை, களத்தில் வெயிலில் நின்று கிளறிய கால் யாருடைய கால் என்று எந்த விரதக்காரரும் கேட்டதில்லை. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பெயர் சேலத்துக்கு வந்தது, சரி. தோல் சீவியவர்களுக்கு?

அம்மாவின் அறிவுக்கு வருகிறேன். கிழங்கு மாவு என்று இரண்டு உண்டு. முழுக் கிழங்கைச் சீவி, அரிந்து, காயவைத்து இடித்தது ஒன்று. வடித்த பாலில் தெளிந்த மாவு இன்னொன்று. முன்னதில் நார் இருக்கும், களிக்கும் புட்டுக்கும் ஆகும். பின்னது வெறும் பசை, மற்ற மாவைச் சேர்த்துப் பிடிக்கத்தான் ஆகும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் போட்டால் பண்டம் ரப்பராகும். கசப்புக் கிழங்கில் விஷம் உண்டு. தோலைத் தின்ற ஆடு செத்ததைப் பார்த்திருக்கிறோம். அதனால் இரண்டு தோலையும் அழுந்தச் சீவ வேண்டும், ஊறவைத்த தண்ணீரைக் கொட்ட வேண்டும், மூடாமல் வேகவைத்து வடிக்க வேண்டும். சயனைடு என்ற சொல் அம்மாவுக்குத் தெரியாது. அதை எடுக்கத் தெரியும்.

ரொட்டிக்கு அம்மா கண்ட அளவு இது: அரிசி மாவு மூன்று பங்கு, பால் மாவு ஒரு பங்கு, ஒரு ஸ்பூன் இசப்கோல். கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, சூடு பொறுக்கிற பதத்தில் பிசைந்து, அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூட வேண்டும். சுடுதண்ணீர் பட்டால்தான் பால் மாவு பசையாகி, குளூட்டன் செய்கிற வேலையைச் செய்யும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு இட்லிக் குண்டானில் மணல் பரப்பி கேக் சுட்டது அம்மா. இதே மாவோடு முட்டை, தயிர், வெல்லம், சோடா உப்பு. ஆறுவதற்குள் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும், பொறுக்க வேண்டும். வெறும் கிழங்கு உடம்புக்குப் போதாது, அதில் புரதம் சொற்பம். கருவாடு, கறி, பயறு ஏதாவது கூட வேண்டும். நம் சனம் எப்போதும் அப்படித்தான் தின்றது.

வீட்டுக்குள் 'தனி' ஒழிந்தது. பள்ளியில்? காலை உணவில் ரவை உப்புமா, சேமியா வருகிற நாட்களில் அவன் கிழங்கு அடை கொண்டு போவான். ஏதாவது பட்டுவிடப் போகிறது என்று ஆசிரியை அவனை ஓரமாக உட்கார வைத்திருக்கிறார். "ஒனக்கு ஒட்டுவாரொட்டியா?" என்று கூடப் படிக்கிற பையன் கேட்டிருக்கிறான். அம்மா மறுநாளே போய் நின்றது. "டீச்சரம்மா, அவந்தட்டுல உப்புமா உழுவாமப் பாத்துக்கங்க. புள்ளயத் தள்ளி வெக்காதீங்க. எங்களுக்குத் தள்ளி வெச்சா என்னான்னு தெரியும்." ஆசிரியை சட்டென்று புரிந்துகொண்டார். இப்போது அதே வரிசையில், மூடி போட்ட டப்பாவோடு உட்காருகிறான். ஆறு மாதத்தில் மூன்று கிலோ ஏறியிருக்கிறான்.

தோழர்களே, நீங்கள் போகிற சேரிகளில் தீராத வயிற்றுப்போக்கோடு, வளராமல், ரத்தம் இல்லாமல் ஒரு பிள்ளை இருக்கலாம். தாயைத் திட்டி அனுப்பியிருப்பார்கள். அவளோடு நீங்களும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், சீலியாக் பரிசோதனை உண்டா என்று கேளுங்கள். பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் ரத்தத்தில் தெரியாமல் போகலாம். நோய் உறுதியானால் விலையுயர்ந்த பாக்கெட்டைத் தேடி ஓட வேண்டாம். அந்தத் தெருவிலேயே கிழங்கு சீவிய ஒரு கிழவி இருப்பாள். அவளிடம் கேளுங்கள்.