நாலு தட்டுக்குள் தாராவி

மும்பை தாராவியின் தொண்ணூறடி ரோட்டிலிருந்து கல்லி எனும் சந்துக்குள் திரும்பி, செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் பத்துக்குப் பத்து கோளி, அதாவது ஒற்றை அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவரெங்கும் பழைய ரஜாய்ப் போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மே மாதப் புழுக்கம். "ஃபேன் சத்தம் மைக்ல ஏறும்க்கா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றான் சொல்லிக்கொடுக்கும் இளம் வாத்தியார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பகலில் கூரியர் வேலை, சாயங்காலம் ராப் வகுப்பு. சம்பளம் கிடையாது.

அன்று எழுதிக்கொண்டிருந்தவனுக்குப் பதினேழு வயது. தென்காசிப் பக்கம் பத்தாவது முடித்துவிட்டு இரண்டு வருடம் முன்பு குடும்பத்தோடு வந்தவன். பக்கத்தில் அவன் சிநேகிதன், இங்கேயே பிறந்தவன். தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து தோல் ஷாப்பு வேலைக்கு வந்த குடும்பம். தமிழ் சரளமாகப் பேசுகிறான், எழுதத் தெரியாது. தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறான். அதைப் பார்த்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை, நெஞ்சு நிறைந்தது. எந்த எழுத்தில் என்றாலும் தமிழை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறானே!

தென்காசிப் பையனின் முதல் வரிகளில் துப்பாக்கி இருந்தது, 'டான்' இருந்தது. வாத்தியார் படித்துவிட்டுக் கேட்டான்: "நீ துப்பாக்கி பார்த்திருக்கியாடா?" "படத்துலதான்ணா." "அப்போ அடி. காலைல கண்ணு முழிச்சதும் என்ன பார்க்கிற, அதை எழுது."

இந்தக் கேள்விதான் இங்கே நடக்கும் பாடம். தாராவியில் ராப் வகுப்பு புதிதல்ல: 2015-இல் தொடங்கிய தாராவி ட்ரீம் ப்ராஜெக்ட் ராப், பீட்பாக்ஸிங், பிரேக் டான்ஸை இலவசமாகக் கற்றுத் தருகிறது. தாராவி இளைஞர்களின் டோபடெலிக்ஸ் குழு, 2018-இல் பா. ரஞ்சித்தின் 'காலா' படத்துக்குச் சந்தோஷ் நாராயணன் இசையில் எழுதியும் பாடியும் கொடுத்தது. 'நாயகன்' காலத்திலிருந்து தாராவியைப் பற்றி வெளியாட்களே பேசிவந்த சினிமாவுக்குள் தாராவிக்காரனின் சொந்தக் குரல் நுழைந்தது. அடுத்த வருடம் தாராவி ராப்பர் ஒருவனின் கதையாக இந்திப் படம் 'கல்லி பாய்' வந்தது. அதன்பின் கேமராவோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கதையைக் கேட்கிறார்கள் என்பது இங்குள்ள பிள்ளைகளின் குறை: சாக்கடை, பசி, கடைசியில் ஒரு வெற்றி. கேட்பவனுக்குப் பிடித்த கதையைச் சொல்லிப் பழகிவிட்டால் தன் கதை மறந்துபோகும். உதவி செய்ய வருகிறவர்கள் முதலில் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்பேன். நானும் அன்று அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

தென்காசிப் பையன் யோசித்து எழுதினான்: 'எங்கப்பா காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு இட்லிய எடுத்துட்டு சைக்கிள்ல போவாரு.'

விடியற்காலையில் தாராவியிலிருந்து கிளம்பி, ரப்பர் ஹாரனை 'பாம் பாம்' என்று அமுக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றும் இட்லிக்காரர்களை மும்பைவாசி எவரும் அறிவார். இவன் அப்பா மாட்டுங்கா வரை போகிறார்.

"உண்மைதான். ஆனா நாலு தட்டுக்குள்ள அடங்கலையே" என்று வாத்தியார் தொடையில் தட்டிக் காட்டினான். ராப்பில் 'பார்' எனும் ஒரு வரிக்கு நாலு தட்டு, எழுத வேண்டியது பதினாறு பார். நிமிஷத்துக்குத் தொண்ணூறு தட்டு வேகத்தில் மொத்தமே முக்கால் நிமிஷத்துக்கும் குறைவு. அதற்குள் ஒரு வீட்டையே சொல்லியாக வேண்டும். பையன் 'எங்க'வை அடித்தான், 'எந்திரிச்சு' போயிற்று. உதட்டை அசைத்து அசைத்து, அரைமணி நேரம். கடைசியில் வந்தது:

'நாலு மணி, ஆவி வாசம், அப்பா சைக்கிள் ஏறும் நேரம்.'

'ஆவி' வெளிப்பட்டதும் அவனே சிரித்துவிட்டான். அந்த வீட்டில் தூங்கி எழுந்தவன் மட்டுமே போடக்கூடிய சொல். சிநேகிதன் உள்ளங்கையை வாயில் குவித்து இரண்டாவது தட்டிலும் நாலாவதிலும் ஹாரன் சத்தம் வைத்தான். அச்சு அசல். கீழே தெருவில் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள்.

2024-இல் தாராவியைப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்துக்கான கணக்கெடுப்பு தொடங்கி, வீடுகளுக்கு எண் போட ஆரம்பித்தார்கள். இந்தக் கல்லிகள் எத்தனை நாளைக்கு இருக்கும் என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். பாட்டில் அதைச் சேர்க்கலாமா என்று ஒருவன் கேட்டான். "உங்க வீட்டுக்கு எண் போடும்போது உங்க ஆச்சி என்ன சொன்னாங்களோ, அதை மட்டும் எழுது" என்று பதில் வந்தது.

ஆறாவது முறை பாடிப் பதிந்தது சரியாக அமைந்தது. ஃபேனைப் போட்டார்கள். யார் எழுதியது, யார் பாடியது என்று வாத்தியார் போனில் குறிக்கத் தொடங்கினான். பெயர் விட்டுப்போனால் நாளைக்குப் பாட்டே கைவிட்டுப் போய்விடும் என்பதில் அவன் கண்டிப்பு. எழுத்து, குரல், பீட்பாக்ஸ் எல்லாம் குறித்தாயிற்று.

"இன்னொண்ணு போடுங்கண்ணா" என்றான் பையன். "ஹாரன்: எங்கப்பா."