சாமான் பார்த்துக்கொண்டிருந்தவ

அம்மம்மாவிடம் ஒரு விஷயம் எப்போது நடந்தது என்று கேட்டால் வருஷம் சொல்லமாட்டா. அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்தது என்று சொல்லுவா. பெரிய மாமாவுக்கு வேலைக் கடிதம் வந்த நேரம் அவ முருங்கையிலை வறுத்துக்கொண்டிருந்தவ. 1990 ஆனியில் வலிகாமம் வடக்குச் சனம் வீடு வாசலை விட்டு வெளிக்கிட்ட நாளைக் கேட்டாலும் அப்படித்தான். "சோறு வெந்துகொண்டிருந்தது. வடிக்கேல்லை. அடுப்பை நூர்த்துப்போட்டு வெளிக்கிட்டனாங்கள்." அதற்கு மேல் அந்தக் கதை நீளாது.

நாங்கள் பேரப்பிள்ளைகள் மூன்று பேர், ஒரே வளவுக்குள் வளர்ந்தவர்கள். எங்களில் ஒருத்திக்குக் கம்பஸில் வாய்மொழி வரலாறு பற்றி ஒரு ஒப்படை தந்தார்கள். வீட்டிலேயே ஆள் இருக்கு என்று சந்தோசப்பட்டு, விறாந்தையில் போனை ரெக்கோர்ட்டில் போட்டுவிட்டு மூன்று பேரும் சுற்றி இருந்தோம். எங்களுக்கு வேண்டியது இடம்பெயர்வு, முகாம், இழப்பு. அம்மம்மா அதற்கு மூன்று நிமிடம் தந்தா. மிச்சம் முக்கால் மணித்தியாலமும் வேறு கதை.

"பிரிஜ்ஜுக்கை வைச்சு எடுத்ததைக் கறி எண்டு சொல்லாதேங்கோ."

"கனடாவில இருக்கிறவன் வீடியோவில முகத்தைக் காட்டுறான். என்ன சாப்பிட்டவன் எண்டு காட்டுறானில்லை."

"வீட்டில ஆக்கள் குறையக் குறையப் பானையும் சின்னனாகுது பிள்ளை. ஆனா கைக்கு அந்த அளவு இன்னும் பிடிபடுதில்லை."

ஒரு காலத்தில் ஒன்பது பேருக்கு உலை வைத்த கை அது. இப்போதும் அவ அரிசி போட்டால் இரண்டு பேருக்கான சோறு மிஞ்சும். மிஞ்சினதை நாய்க்கு வைக்கும்போது யாரையோ ஏசுவது போல வாய்க்குள் முணுமுணுப்பா. நாங்கள் இதையெல்லாம் 'ஒப்படைக்கு உதவாதது' என்று ஒதுக்கினோம். போனில் இடம் போதவில்லை என்று இரண்டு பதிவுகளை அழித்தும் விட்டோம். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பேச்சை மாற்றுவதற்காகத்தான் ஒருநாள், "அம்மம்மா, நீங்கள் எங்கையெல்லாம் சுத்திப் பார்க்கப் போனனீங்கள்?" என்று கேட்டோம். முகம் வெளித்தது. நிறைய இடம் போயிருக்கிறா. கலியாணம் கட்டிய புதிதில், காங்கேசன்துறையில் யாழ்தேவி ஏறிக் கொழும்புக்குப் போயிருக்கிறா. அப்பப்பா, எவ்வளவு பொதி! முதல் நாள் இரவு முழுக்க இடியப்பம் அவித்து, புளிச்சாதம் கிளறி, வாட்டின வாழையிலையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கட்டினது. அனுராதபுரம் வர முதலே பிள்ளைகள் பசி என்று பொதியை அவிழ்த்தது. காலிமுகத்திடலில் காற்று வாழையிலையை இழுத்துக்கொண்டு போனது. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை.

"யானைக் கூத்துப் பார்த்தனீங்களோ?"

"கொம்மா அப்ப கைக்குழந்தை. பால் கேட்டு அழுதவள். நான் மரத்துக்குக் கீழ இருந்திட்டன். அவை பார்த்திட்டு வந்து சொல்லிச்சினம், நல்லாய் ஆடினதாம்."

அதற்குப் பிறகு கீரிமலை. அது அவவின் ஊருக்குக் கிட்ட. சின்ன வயதில் மாட்டுவண்டிலில், பிறகு பஸ்ஸில், ஆடி அமாவாசைக்கு வருஷா வருஷம். கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊற்று. மழைத்தண்ணீர் எங்கட சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, நிலத்துக்குக் கீழால் வந்து அந்தக் கரையில் ஊறுகிறது. ஆண்களின் கேணி கடலை ஒட்டித் திறந்தபடி கிடக்கும். பெண்களுக்கு மதிலுக்குள்ளே தனிக் கேணி.

"தண்ணி எப்பிடி அம்மம்மா? சரியான குளிரோ?"

கொஞ்சம் யோசித்தா.

"நான் எங்க மோனை அதுக்கை இறங்கினனான்? ஆரோ ஒராள் சாமானைப் பார்க்க வேணுமெல்லோ."

அவ சாதாரணமாகத்தான் சொன்னா. கவலையோ கோபமோ இல்லை. மழை வந்தால் உடுப்பு எடுக்க வேணும் என்பதைப் போல ஒரு விஷயம் அது. நாங்கள்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேணிக்குப் பக்கத்தில் வளர்ந்து, எத்தனையோ தரம் அங்கே போய், தண்ணீரில் இறங்காமலே திரும்பி வந்த ஒருத்தி. 1990க்குப் பிறகு நீண்ட காலம் அந்தப் பக்கம் நினைத்தபடி போக முடியாமலும் போய்விட்டது.

உடனே தாத்தாவிலும் அந்தக் காலத்து ஆம்பிளைகளிலும் பழியைப் போட்டுவிட்டுப் போயிருப்போம். அது எங்களுக்கு வசதி. ஆனால் அன்றிரவு எங்களில் ஒருவன் போன வருஷம் கசூரினா பீச்சுக்குப் போன படங்களை எடுத்துப் பார்த்தான். எல்லாமாக 64 படம். கடலில் நிற்கிற நாங்கள், சவுக்கு மரத்தடியில் நாங்கள், வானுக்குள் பாட்டுப் போட்டு ஆடுகிற நாங்கள். அம்மம்மா ஒன்றிலும் இல்லை. ஒரேயொரு படத்தின் ஓரத்தில் ஒரு கை இருந்தது. அகப்பையோடு. காப்பைப் பார்த்துத்தான் அவவின் கை என்று கண்டுபிடித்தோம்.

அன்றைக்கு விடிய மூன்று மணிக்குக் குசினியில் லைட் எரிந்ததும், கோழிக்கறி வாசத்தில் நாங்கள் எழும்பியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அம்மம்மான்ர கறி இல்லாமல் ட்ரிப்போ" என்று கத்தியதும் நாங்கள்தான். கடற்கரையில் அவ பாய் விரித்து, எங்கட போன்களையும் செருப்புகளையும் மடிக்குப் பக்கத்தில் குவித்து வைத்துக்கொண்டு இருந்தவ.

அதனால் கீரிமலைக்குப் போவதென்று முடிவெடுத்தோம். ஒரே நிபந்தனை, ஒருவரும் சமைக்கக் கூடாது. அம்மம்மா இரண்டு நாள் சண்டை பிடித்தா. "கடைச் சாப்பாட்டைத் தின்ன உவ்வளவு தூரம் போகவேணுமோ? காசு கூடிப்போச்சோ?" பிறகு வயிற்றுக்குச் சரிவராது என்றா. பிறகு தனக்கு வர ஏலாது, கால் நோகுது என்றா. சண்டையில் நாங்கள் வென்றோம் என்று நினைத்தோம். வானில் ஏறின பிறகு பார்த்தால் அவவின் பையுக்குள் ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாயும் ஒரு டப்பா மோர்மிளகாயும். "இது சமையல் இல்லையே" என்றா.

தெல்லிப்பழை தாண்டியதும் பேச்சு நின்றது. அவவின் ஊர் ஒழுங்கை அந்த வழியில்தான். காணி விட்டாச்சு, வீடு இல்லை, கிணறு மட்டும் கிடக்கு. நிப்பாட்டவோ என்று கேட்டோம். "வரேக்க பார்ப்பம்" என்றுவிட்டு மற்றப் பக்கத்து யன்னலைப் பார்த்தா. நாங்கள் வற்புறுத்தவில்லை.

கேணி வாசலில் பிரச்சினை தொடங்கியது. பையை யார் பார்ப்பது? தம்பி வெளியில் மதிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டான். "அவன் சின்னப் பெடியன், போனை நோண்டிக்கொண்டு இருப்பான், ஆரும் தூக்கிக்கொண்டு போனாலும் தெரியாது" என்று அம்மம்மா நாலு தரம் திரும்பிப் பார்த்தா. முதல் படியில் இருந்து காலை மட்டும் விட்டா. கனநேரம் அப்படியே இருந்தா. பிறகு எங்களில் இரண்டு பேரின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் இறங்கினா. சேலை மேலே மிதந்தது. கையால் கொஞ்சம் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தா.

"கொஞ்சம் உவர்" என்றா. அதற்குப் பிறகு, "அவன் பையைப் பார்க்கிறானோ?"

வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் ஏதோ பெரிதாக எதிர்பார்த்திருக்கிறோம் என்பது அப்போது விளங்கியது. அவ எங்களுக்காக அழவும் இல்லை, எங்களுக்கு நன்றி சொல்லவும் இல்லை. ஆனால் ஏறு என்று நாங்கள் சொல்லும் வரைக்கும் ஏறவும் இல்லை.

திரும்பி வரும்போது ஒழுங்கை வந்தது. அம்மம்மா யன்னலில் தலை சாய்த்து நித்திரை. உண்மையான நித்திரையோ என்று தெரியாது. சாரதி எங்களைக் கண்ணாடியில் பார்த்தார். நேரே போகச் சொன்னோம்.

அடுத்த நாள் காலமை வேலிக்கு அந்தப் பக்கத்து அன்ரி விசாரித்தது கேட்டது. அம்மம்மா முதலில் பார்சல் சோற்றில் தொடங்கினா. சோறு கல்லு மாதிரி, பருப்பில் உப்பில்லை, நல்லகாலம் ஊறுகாய் கொண்டுபோனது. இந்தக் கதையிலும் சாப்பாடுதான் முதல். ஆனால் அது வேறு யாரோ சமைத்த சாப்பாடு. பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு சொன்னா:

"தண்ணி அப்பிடிக் குளிர், கண்டியளோ. கீழ கல்லு வழுக்கும். பிடிச்சுக்கொண்டுதான் இறங்க வேணும்."

போய் வந்த ஆள் சொல்லுகிற மாதிரிச் சொன்னா.

ஒப்படைக்கு நல்ல புள்ளி வந்தது. அதில் இது ஒன்றும் இல்லை. அழித்த இரண்டு பதிவுகளும் திரும்ப வராது. இப்போது போனில் இடம் இல்லையென்றால் எங்கட படங்களை அழிக்கிறோம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது குசினியில் கோப்பைகள் கழுவுகிற சத்தம் கேட்கிறது. மூன்று பேரும் இங்கேதான் இருக்கிறோம். அப்படியென்றால் கழுவுவது யார் என்று சொல்லத் தேவையில்லை. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறோம்.