ஒரே புல், இரண்டு வாசல்

கோலாலம்பூரின் வரைபடத்தைக் கணினித் திரையில் திறந்து, அம்பாங் பக்கம் பாருங்கள். அடுக்குமாடி வீடுகளும் கடைவரிசைகளும் நெடுஞ்சாலைகளும் நெருக்கியடித்து நிற்கும் சாம்பல் நிறத்துக்கு நடுவே, ஜாலான் துன் ரசாக் அருகே, பெரிய பாயை விரித்ததுபோல் ஒரு பச்சை நிலம் தெரியும். இரட்டைக் கோபுரத்துக்கு இவ்வளவு அருகில் இவ்வளவு பெரிய புல்வெளியா என்று வியப்பு ஏற்படும். அதுதான் ராயல் சிலாங்கூர் கோல்ஃப் மன்றம்.

குழிப்பந்து என்று தமிழில் நாம் சொல்லும் கோல்ஃப் விளையாட்டை ஆங்கிலேயர்கள் இந்நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். இம்மன்றம் 1893ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. முதலில் பெட்டாலிங் குன்றில் இயங்கிய மன்றம், 1921இல் இப்போதைய இடத்துக்கு மாறியது. இன்று 18 குழிகள் கொண்ட இரண்டு திடல்களும் 9 குழிகள் கொண்ட ஒரு திடலும் இங்கு உள்ளன. 1962இல் முதல் மலாயா பொதுக் கோல்ஃப் போட்டி நடந்ததும் இங்குதான். நாட்டின் விளையாட்டு வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. ஆனால், இது உறுப்பினர்களுக்கான மன்றம். உறுப்பினராகவோ அவருடைய விருந்தினராகவோ இல்லாதவர் நினைத்த நேரத்தில் உள்ளே நுழைந்து ஆட முடியாது.

இத்தகைய தனியார் மன்றம் ஒன்றுக்கு, பரிசளிப்பு நிகழ்ச்சி ஒன்றின் அழைப்பாளராக நான் ஒருமுறை சென்றிருக்கிறேன். அங்குள்ள ஒழுங்கு மனத்தைக் கவர்ந்தது. புல் ஒரே அளவில் வெட்டப்பட்டிருந்தது. முதிர்ந்த மரங்கள் நிழல் பரப்பி நின்றன. காலர் வைத்த சட்டை அணிய வேண்டும் என்பது போன்ற உடைவிதிகள் சுவரில் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. ஆடுவோர் அதிகமில்லை, எவரும் எவருக்காகவும் காத்திருக்கவில்லை. நகரத்தின் இரைச்சல் வேலிக்கு அப்பால் நின்றுவிட்டது.

பொதுமக்கள் கட்டணம் செலுத்தி ஆடும் திடலையும் நான் பார்த்திருக்கிறேன். நகரின் ஓரத்தில் உள்ள 9 குழித் திடல் அது. அங்கே விடியற்காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். சிலர் வாடகை மட்டைகளுடன் நிற்பார்கள். வெயில் நாள்களில் புல் ஆங்காங்கே காய்ந்திருக்கும். மழை பெய்தால் தாழ்வான இடங்களில் நீர் தேங்கும். ஒரு குழியை முடித்துவிட்டு அடுத்த குழிக்குச் சென்றால், முன்னே மூன்று குழுவினர் காத்திருப்பார்கள். ஆனாலும், லாரி ஓட்டுநரும் வங்கி ஊழியரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரே நீண்ட இருக்கையில் அமர்ந்து தேநீர் அருந்தியபடி பேசிக்கொண்டிருப்பதை அங்கேதான் கண்டேன்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வகையும் நம் நாட்டில் உண்டு. தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்கு அருகில் காவல் துறையினரின் கோல்ஃப் மன்றம் உள்ளது. முன்பு இரப்பர்த் தோட்டமாக இருந்த புக்கிட் கியாராவில் அரசு ஊழியர்களின் கோல்ஃப் மன்றம் அமைந்துள்ளது. பெருஞ்செல்வர் அல்லாதாரும் மட்டையைக் கையிலெடுக்க இவை வழி செய்தன.

இந்த வேறுபாட்டின் ஆழத்தை எனக்கு உணர்த்தியவர், எங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஒரு பெரியவர். சிறுவயதில் கோலாலம்பூர் மன்றம் ஒன்றில் மட்டைப்பை தூக்கும் வேலை பார்த்தவர். ஆட்டக்காரர் ஒருவர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அத்தனையும் நிறைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, 18 குழிகளையும் சுற்றி வர நான்கு மணி நேரம் நடக்க வேண்டும்.

“அப்போதெல்லாம் நீங்களும் ஆடியிருக்கிறீர்களா, ஐயா?” என்று கேட்டேன்.

“திங்கட்கிழமை காலையில் மட்டும் எங்களுக்கு அனுமதி உண்டு, டீச்சர். மற்ற நாள்களில் பார்ப்பதோடு சரி. ஆனால், எந்தக் குழிக்கு எந்த மட்டை, எந்தப் பக்கம் காற்று என்று துரைகளுக்கே நாங்கள்தாம் சொல்லிக் கொடுப்போம்” என்று சிரித்தார்.

இப்போது அவர் வார இறுதியில் பேரனையும் பேத்தியையும் பயிற்சித் திடலுக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே ஒரு கூடைப் பந்துகளுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். பாதிப் பந்துகள் பேரனுக்கு. பாதிப் பந்துகள் பேத்திக்கு. முதலாம் படிவத்தில் பயிலும் பேத்திதான் நன்றாக அடிக்கிறாள் என்கிறார். “அடிக்கக் கற்றுக்கொடுக்க என்னால் முடியும். முழுத் திடலில் நடந்து ஆட வேண்டுமே, அதற்கு எங்கே போவது?” என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் உடனடியாக விடை இல்லை.

இந்தக் கேள்வியின் கனத்தை உணர, கோல்ஃப் விளையாட்டின் ஒரு சிறப்பை நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு திடலுக்கும் ஓர் இலக்கு எண் உண்டு. எடுத்துக்காட்டாக, அது 72 என்று வைத்துக்கொள்வோம். தேர்ந்த ஆட்டக்காரர் 72 அடிகளில் 18 குழிகளையும் முடித்துவிடுவார். புதியவருக்கு 100 அடிகள் தேவைப்படலாம். அவருடைய திறனைக் கணக்கிட்டு, 28 அடிகளைச் சலுகையாகக் கழித்துவிட்டால், இருவரும் சமமாகப் போட்டியிட முடியும். ஹேண்டிகேப் எனப்படும் இம்முறை 2020 முதல் உலகம் முழுவதற்கும் ஒரே விதமாக அமைக்கப்பட்டுள்ளது. மிக உயர்ந்த சலுகை எண் 54. வலியவரும் எளியவரும் ஒரே திடலில் நேர்மையாக மோதுவதற்கு இவ்வளவு அக்கறையோடு வழி கண்ட விளையாட்டு வேறு எது? ஆனால், அந்தச் சலுகை திடலுக்குள் நுழைந்தவருக்கு மட்டுமே கிடைக்கிறது. வாசலுக்கு வெளியே நிற்பவருக்கு எந்தச் சலுகை எண்ணும் இல்லை.

வாசலில் நிறுத்தப்பட்ட திறமைக்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு வரலாற்றுச் சான்று உள்ளது. டர்பன் நகரில் பிறந்த பாப்வா செவ்கோலும் இந்திய வம்சாவளியினர். பள்ளிப்படிப்பு வாய்க்காதவர். மட்டைப்பை தூக்கியபடியே ஆட்டத்தைக் கற்றார். மற்றவர்கள் பிடிப்பதற்கு நேர்மாறாகக் கைகளை வைத்து மட்டையைப் பிடிப்பார். அப்படிப் பிடித்தே 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சுப் பொதுப் போட்டியில் வாகை சூடினார். 1963இல் தம் சொந்த ஊரில், வெள்ளையர் மட்டுமே உறுப்பினராக இருந்த டர்பன் மன்றத்தில் நடைபெற்ற நேட்டால் பொதுப் போட்டியிலும் வென்றார். நிறவெறி ஆட்சி நிலவிய காலம் அது. வெற்றி பெற்றவருக்கு மன்றக் கட்டடத்துக்குள் இடமில்லை. கொட்டும் மழையில் வெளியே நின்றபடியே அவர் கோப்பையைப் பெற்றார். அந்தக் காட்சி உலகின் மனச்சான்றைத் தொட்டது. இன்று டர்பனில் அவர் பெயரைத் தாங்கி நிற்பது தனியார் மன்றம் அன்று. நகராண்மைக்குச் சொந்தமான பொதுத் திடல்.

நம் நாட்டில் அத்தகைய நிறவெறிச் சட்டம் இருந்ததில்லை. வி. நெல்லன், எம். இராமையா, பி. குணசேகரன் ஆகிய பெயர்கள் மலேசியத் தொழில்முறை கோல்ஃப் வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. வாய்ப்பு என்னும் கதவு சற்றே திறந்தாலும் திறமை உள்ளே வந்துவிடும் என்பதற்கு இவர்கள் சான்றாவர். ஆனால், இன்று தடையாக நிற்பது நிறம் அன்று, செலவு. செலவு என்பது ஓசையில்லாத வேலி. அது எவரையும் ‘வராதே’ என்று சொல்வதில்லை. வர முடியாதவர் தாமாகவே விலகிக்கொள்கிறார்.

கோல்ஃப் என்றாலே செல்வர்களின் விளையாட்டு என்று பலர் எண்ணுகின்றனர். அதன் தாயகம் அப்படிச் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் உள்ள பழைய திடல், கோல்ஃப் உலகின் மிகப் புகழ்பெற்ற திடலாகும். அது ஒரு பொதுத் திடல்! கடலோரப் புல்வெளியில் விளையாடும் ஊர்மக்களின் உரிமை 1552ஆம் ஆண்டுச் சாசனத்திலேயே குறிப்பிடப்பட்டுள்ளது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை அதனைப் பராமரித்து வருகிறது. ஊர்மக்கள் குறைந்த ஆண்டுக் கட்டணத்தில் ஆடலாம். வெளியூரார் குலுக்கலில் பெயர் கொடுத்து வாய்ப்புப் பெறலாம். இன்னொரு சிறப்பும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக அங்கே ஆட்டம் கிடையாது. அன்று அது ஊர்ப்பூங்கா. குழந்தைகள் ஓடியாடுவார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு முதியவர்கள் உலாவுவார்கள். உலக வெற்றியாளர்கள் நடந்த அதே புல்லில் ஊரார் நடக்கிறார்கள்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலும் இதற்கு ஒப்பான திடல் உண்டு. பெத்பேஜ் அரசுப் பூங்காவில் உள்ள ‘கறுப்புத் திடல்’ 1936இல் திறக்கப்பட்டது. பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது வேலையற்றோருக்கு வேலை கொடுத்து அமைக்கப்பட்ட திடல் அது. அங்கே ஆட இடம் பிடிப்பதற்காகச் சிலர் இரவெல்லாம் காரிலேயே தூங்குவார்கள். 2002இல் அமெரிக்கப் பொதுக் கோல்ஃப் போட்டி அங்கு நடைபெற்றது. அதில் வென்ற டைகர் வூட்ஸ் சிறுவயதில் பொதுத் திடலில் பழகி வளர்ந்தவர்தாம். பொதுத் திடல் என்றால் தரம் குறைந்த திடல் என்ற எண்ணம் தவறானது என்பதை இது காட்டுகிறது.

அப்படியென்றால், தனியார் மன்றங்கள் தேவையில்லையா? அவ்வாறு முடிவு கட்டுவது நியாயமாகாது. உறுப்பினர்களின் பணம்தான் அம்மரங்களையும் புல்லையும் காக்கிறது. பலருக்கு வேலை கிடைக்கிறது. அனைத்துலகப் போட்டிகள் நடைபெற உயர்ந்த தரமுள்ள திடல் வேண்டும். அன்றியும், அம்மன்றங்கள் இல்லாதிருந்தால் அந்நிலங்களில் இந்நேரம் கட்டடங்கள் எழும்பியிருக்கலாம்.

பொதுத் திடலுக்கும் ஒரு கடினமான கேள்வி உண்டு. 18 குழிகள் கொண்ட திடலுக்குச் சுமார் 50 ஹெக்டர் நிலம் வேண்டும். அது ஏறத்தாழ 70 காற்பந்துத் திடல்களுக்குச் சமம். பத்து நிமிடத்துக்கு நால்வர் என்ற கணக்கில் அனுப்பினாலும், ஒரு நாளில் 200 பேர் அளவில்தான் ஆட முடியும். 70 காற்பந்துத் திடல்களிலோ, ஒரே நேரத்தில் 1,500 பேருக்கு மேல் விளையாடலாம். நிலம் அரிதான நகரத்தில் இதை எண்ணாமல் இருக்க முடியாது. சிங்கப்பூரில் பொதுமக்கள் ஆடிவந்த மரினா பே கோல்ஃப் திடல் 2024இல் மூடப்பட்டதற்கு நிலத்தேவையே காரணம். மாநகருக்குள் புதிதாகப் பெரிய திடல் அமைப்பது எளிதன்று.

ஆகவே, இருப்பதைப் பகிர்ந்துகொள்ளும் வழிகளைத்தான் நாம் நாட வேண்டும் என்பது என் கருத்து. தனியார் மன்றங்கள் ஆள்குறைவான வேலைநாள்களில் சில மணி நேரத்தைப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கலாம். பழைய மட்டைகளைப் பள்ளிகளுக்குக் கொடுத்து உதவலாம். பெரிய திடல் அமைக்க இடமில்லாத இடத்தில், குறுகிய 9 குழித் திடலோ பயிற்சித் திடலோ அமைக்கலாம். பள்ளிகள் புறப்பாட நடவடிக்கையில் இவ்விளையாட்டை அறிமுகப்படுத்தலாம். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரார்போல், பொதுத் திடலை வாரத்தில் ஒரு நாளாவது அனைவரும் நடக்கும் பூங்காவாக ஆக்கலாம்.

உரிமையோடு கடமையும் சேர்ந்து வருகிறது. கோல்ஃப் ஆடுவோர் மட்டை பட்டுப் பெயர்ந்த புல்லைத் தாமே மீண்டும் பதிப்பார்கள். மணற்குழியில் பதிந்த தம் காலடித்தடத்தைத் தாமே சமன்படுத்துவார்கள். பின்னால் வருபவருக்குத் திடல் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். பொதுச்சொத்து எதற்கும் இந்த ஒழுக்கம் பொருந்தும். பராமரிக்க ஆளில்லை என்று பொதுத் திடலைக் குறை கூறும் நாம், அங்கே வீசிய நெகிழிப் புட்டியை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுகிறோமா?

மாணவர்களே, உங்கள் குடியிருப்பிலும் ஏதேனும் ஒரு திடல் இருக்கும். அது காற்பந்துத் திடலாகவோ, பூப்பந்துக் களமாகவோ, ஏரிக்கரைப் பூங்காவாகவோ இருக்கலாம். அடுத்த முறை அங்கே செல்லும்போது, யார் யார் விளையாடுகிறார்கள் என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பவர் யார், அவர் ஏன் உள்ளே வரவில்லை என்றும் கவனியுங்கள். காரணம் தெரிந்தால், அவரை உள்ளே அழைக்கும் வழியும் உங்களுக்குத் தோன்றும்.