அழகுக்கு ஒன்பது மார்க்

நாவல் எழுதுகிறவனை எதற்கு வேண்டுமானாலும் நீதிபதியாக உட்கார வைக்கலாம் என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் உண்டு. பேச்சுப் போட்டி, கோலப் போட்டி, மாறுவேடப் போட்டி என்று எத்தனையோ மேடைகளில் அமர்ந்து மார்க் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு சாண் நீளம்கூட இல்லாத இரண்டு மோட்டார் கார்களுக்கு மார்க் போடுவேன் என்று சொப்பனத்திலும் நினைத்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தில் என் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். பேரனுக்கு அப்போது பதினோரு வயது. பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தனியாக இருந்தார். வீட்டை விற்றுவிட்டுச் சின்ன ஜாகைக்குப் போகிறவர், தம் பொம்மைக் கார்களையும் ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டு மிஞ்சின. "எது வேண்டுமோ எடுத்துக்கொள், முப்பது பவுன். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்" என்று பேரனிடம் கொடுத்துவிட்டார். பையனின் உண்டியலில் இருந்தது முப்பத்திரண்டு பவுன். இரண்டையும் வாங்க வழியில்லை.

"தாத்தா, அழகுக்கு நீங்க பத்துக்கு மார்க் போடணும். ஓட்டத்துக்கு நான் போடறேன்" என்றான்.

இது சாவி கொடுத்து விடும் பொம்மை அல்ல. கரிய பிளாஸ்டிக் பாதையில் நீளமாக ஒரு பள்ளம். அதன் இரு பக்கமும் இரண்டு உலோகப் பட்டைகள். வண்டியின் மூக்குக்கு அடியில் ஒரு சிறு நாக்கு பள்ளத்தில் இறங்கியிருக்கும். நாக்கின் இரு பக்கமும் உள்ள செம்புப் பின்னல்கள் பட்டைகளை உராய்ந்து மின்சாரத்தை வாங்கி உள்ளே இருக்கும் குட்டி மோட்டாருக்குக் கொடுக்கும். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு விசை. அழுத்தினால் வேகம், விட்டால் நிதானம். திருப்புகிற வேலை நமக்கு இல்லை, பள்ளம் பார்த்துக்கொள்ளும். நம் பொறுப்பெல்லாம் வேகம் ஒன்றுதான். அந்த ஒன்றிலேயே மனுஷன் எத்தனை தப்பு செய்ய முடியும் என்பதை ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொண்டேன்.

இந்த விளையாட்டை உலகத்துக்குப் பிரபலமாக்கியவர் ஃபிரெட் பிரான்சிஸ் என்ற ஆங்கிலேயர். 1952 வாக்கில் சுருள்வில் விசையில் ஓடும் தகரக் கார்களை 'ஸ்கேலெக்ஸ்' என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தார். பிறகு அதே கார்களுக்குள் மின் மோட்டாரை வைத்து, பெயரையும் 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்று நீட்டி, 1957 ஜனவரியில் ஹாரகேட் நகரத்துப் பொம்மைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். முதலில் வந்த வண்டிகளில் ஒன்று மஸராட்டி 250எஃப். அதே வருஷம் ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில், நாற்பத்தாறு வயது ஃபாஞ்சியோ அசல் மஸராட்டியை ஓட்டினார். நடுவில் டயர் மாற்ற நின்றதில் முக்கால் நிமிஷத்துக்கு மேல் பின்தங்கியவர், துரத்திப் பிடித்து மூன்றரை விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். பெரியவர் கொடுத்த இரண்டில் ஒன்று அந்த மஸராட்டியின் பிற்காலத்துப் பிரதி. மற்றது இந்தக் காலத்துப் பந்தயக் கார்.

மஸராட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. சுருட்டு மாதிரி நீண்ட சிவப்பு உடம்பு, மூக்கின் பக்கத்தில் காற்றுக்காக வரிவரியாகக் கீறல்கள், மயிரிழைக் கம்பிகள் வைத்த சக்கரங்கள், உள்ளே இடுப்பளவுக்குத் தெரியும் ஓட்டுநர். அவருக்கு முகம்கூட இருந்தது. வாயை இறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்பது மார்க் போட்டேன். பின்னால் நீண்டு போகும் புகைக் குழாயில் பசைத் துளி ஒன்று காய்ந்து நின்றதற்காக ஒரு மார்க்கைக் குறைத்தேன்.

மற்றது தரையோடு படிந்த அகலமான வண்டி. உடம்பெல்லாம் விளம்பர எழுத்துக்கள். அச்சு சுத்தம், வர்ணம் சுத்தம், ஆனாலும் எடுத்த கையை விட்டு வைக்க மனம் கூசவில்லை. ஐந்து.

பிறகு ஓட்டம். வரவேற்பறைத் தரையில் ஆறு மீட்டர் பாதை போட்டோம். புது வண்டி ஒரு சுற்றை நாலு விநாடியில் முடித்தது. பேரன் உடனே காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டு, அசல் அளவுக்குப் பெருக்கினால் மணிக்கு 170 கிலோமீட்டருக்கு மேல் என்றான். வளைவுகளில்கூட விசையை விட வேண்டியிருக்கவில்லை. மஸராட்டி நேர்ப் பாதையில் பாய்ந்தது, முதல் வளைவில் வாலை வீசிக்கொண்டு பள்ளத்தை விட்டுக் கிளம்பி சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒல்லியான டயர், உயரமான உடம்பு, என்ன செய்யும்? பின் டயர்களை உப்புத்தாளில் வைத்துச் சுழற்றிச் சமமாக்கினோம், அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டோம், செம்புப் பின்னலை விரித்துவிட்டோம். அப்புறமும் ஐந்து விநாடிக்குக் கீழே வரவில்லை. பேரன் புது வண்டிக்கு ஒன்பதும் மஸராட்டிக்கு நாலும் போட்டான்.

பதினாலு, பதின்மூன்று. என் கட்சி ஒரு மார்க்கில் தோற்றது. எனக்கு இது பழக்கமான தோல்விதான். "நடை அழகு, கதை நகரவில்லை" என்று என் நாவல்களுக்கும் மதிப்புரை வந்திருக்கிறது.

அன்று இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவன் வரவேற்பறையில் வெளிச்சத்தைப் பார்த்தேன். என் மகன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வாரமாக இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவன், இரண்டு வண்டிகளையும் கவிழ்த்துப் போட்டு, அடி வயிற்றிலிருந்து எதையோ நெம்பி எடுத்துக்கொண்டிருந்தான்.

"காந்தம் அப்பா. பாதையில இருக்கற இரும்புப் பட்டையைப் பிடிச்சு இழுக்கும். அதனாலதான் அந்த வண்டி வளைவுல ஒட்டிக்கிட்டு ஓடுது. ஓட்டறவனுக்கு அதுல வேலையே இல்லை."

காந்தம் இல்லாமல் புது வண்டியை விட்டான். முதல் வளைவிலேயே அது குப்புற விழுந்தது. மஸராட்டியை அவன் வேறு மாதிரி ஓட்டினான். வளைவுக்கு முன்னாலேயே விசையைத் தளர்த்தி, வால் லேசாக வெளியே சரியும்போது மெல்ல அழுத்தினான். வண்டி ஒரு நடனக்காரி மாதிரி இடுப்பை ஒடித்துத் திரும்பியது. சுற்றுக்கு ஆறு விநாடிக்கு மேல் ஆகியிருக்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

இங்கே ஒரு பழைய சமாசாரத்தைச் சொல்ல வேண்டும். அவனுக்கு ஆறு வயதில் கும்பகோணம் கடைத்தெருவில் ஒரு தகரக் காரைக் கேட்டான். "ரெண்டு நாளில் உடைஞ்சுபோகும்" என்று சொல்லி, நீதிக்கதைப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்தேன். அவன் அழவில்லை. அழுதிருந்தால் மறந்திருப்பேன். பிற்பாடு அதையே ஒரு சிறுகதையாக எழுதினேன். கதையில் பையன் அழுகிறான், அப்பா மனம் இளகிப் பாதி வழியில் திரும்பிப் போய்க் காரை வாங்கி வருகிறார். கண்ணீர் விட்டதாக வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். சன்மானமும் வந்தது. கார் மட்டும் வரவில்லை. என் மகன் அந்தக் கதையைப் படித்தானா என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

விசையை விடாமல், தலை நிமிராமல் அவன் கேட்டான். "அந்தக் கதையில வாங்கிக் குடுத்தீங்களே அப்பா, அந்தக் கார் என்ன கலர்?"

எனக்குத் தொண்டை அடைத்தது. "சிவப்பு" என்றேன்.

"கடையில இருந்தது பச்சை" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. புத்தகத்தில் அச்சுப் பிழையைச் சுட்டுகிற மாதிரி சொன்னான். பிறகு விசையை என் கையில் கொடுத்துவிட்டு, "வளைவுக்கு முன்னாடியே விடணும், வளைவுல விட்டா லேட்" என்று சொல்லிப் படுக்கப் போய்விட்டான். நான் மட்டும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஓட்டினேன். சோபாவுக்கு அடியில் எத்தனை தடவை கையை விட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

மறுநாள் பேரன், போட்ட மார்க்கை மீறக் கூடாது என்று புது வண்டியையே எடுத்துக்கொண்டான். நியாயஸ்தன். நான் பக்கத்து வீட்டுக்குப் போய் மஸராட்டிக்கு முப்பது பவுன் எண்ணி வைத்தேன். கைச்செலவுக்கென்று என் மகன் கொடுத்திருந்த பணம்தான் அது. எழுத்தாளனின் தயாளம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பெரியவர் வண்டியை ஒரு தரம் திருப்பிப் பார்த்து, ஓட்டுநரின் முகத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

அதை என் மகனின் மேஜைமேல், சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். சீட்டு எதுவும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் கதையாகிவிடும் என்று பயம். சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவன் அதை எடுத்துக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தான்.

"காந்தத்தை எடுத்துட்டீங்களா அப்பா?"

"எடுத்தாச்சு" என்றேன்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தான்.